அரைக் கட்டை கூடிப்போன வயலின்

பதினொரு வருடங்களாக ஒரு பெண்ணை அவசரக்காரி என்று உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் அவசரக்காரி இல்லை. அவசரப்பட்டவன் நான். அவள் செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் அவளுடைய மகள் லைப்சிக்கில் இருக்கிறார், வயது எண்பத்தெட்டு. தன் தாயைப் பற்றி நான் செய்த பிழையை நம்பிக்கொண்டிருந்தவர் அவர். அவரிடம் போய் உண்மையைச் சொல்வதா, விடுவதா என்று இந்த வருடம் சித்திரை மாதம் முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

பெர்லினில் ஒரு பழைய குடியிருப்பின் பின்முற்றத்தில் எங்கள் வேலைத்தளம். நாலு பேர் வேலை செய்கிறோம். நூறு வருடப் பழைய அரக்கு இசைத்தட்டுகளைக் கழுவி, ஓடவிட்டு, ஒலியைக் கணினியில் ஏற்றி, சீடியாக வெளியிடுவோம். கழுவுவது என்றால் உண்மையிலேயே கழுவுவதுதான்: வடித்த தண்ணீர், இரண்டு சொட்டு சவர்க்காரம், மென்மையான தூரிகை, பிறகு சாப்பாட்டுக் கோப்பைகளைப்போல நிமிர்த்தி வைத்துக் காயவிடுவது. அதற்குப் பிறகுதான் பெரிய கேள்வி வரும். இந்தத் தட்டை எந்த வேகத்தில் சுற்றவிடுவது?

நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் காலத்துச் சின்னக் கம்பனிகள் எழுபத்தெட்டையும் மதிக்கவில்லை, வேறெதையும் மதிக்கவில்லை. பதிவு செய்த அன்று பொறி எந்த வேகத்தில் ஓடியதோ அதுதான் வேகம். தட்டில் அதை எழுதியும் வைக்கமாட்டார்கள். வேகம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். ஆகவே அந்த உருப்படி எந்தச் சுருதியில் எழுதப்பட்டது என்று இசைப்பிரதியில் பார்த்து, ஒலி அந்தச் சுருதிக்கு வரும்வரை வேகத்தைத் திருக வேண்டும். ஐரோப்பியச் சங்கீதத்தில் இது பெரும்பாலும் கைகொடுக்கும். வயலினுக்கென்று டி சுருதியில் எழுதியதை டி சுருதியில்தான் வாசிப்பார்கள்.

எங்கள் பழக்கம் வேறு. நான் யாழ்ப்பாணத்தில் எட்டு வயதிலிருந்து பதினாறு வயதுவரை வயலின் படித்தவன். பாடுகிறவருக்கு எது வசதியோ அதுதான் சுருதி. இன்றைக்கு ஒருவருக்கு ஒன்றரைக் கட்டை, நாளைக்கு இன்னொருவருக்கு ஐந்து. வயலின்காரர் தந்தியை முறுக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அரைக் கட்டை கூடினால் என்ன, குறைந்தால் என்ன? மோகனம் மோகனமாகத்தான் இருக்கும்.

பிறகு வயலின் போயிற்று, ஊர் போயிற்று. கிழக்குப் பெர்லினில் ஷோனெஃபெல்டில் விமானத்தால் இறங்கி, நகர ரயிலில் மேற்குப் பெர்லினுக்குக் கடந்து வந்த பொடியன்களில் நானும் ஒருவன். அகதி விண்ணப்பம், அதுதான் அன்ராக், முடிய வருடக் கணக்கு ஆனது. வானொலி திருத்துவதில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்தேன், அங்கிருந்து ஒலிப்பதிவு, அங்கிருந்து பழைய தட்டுகள். என் முதலாளி ஒரு நல்ல மனுஷன். நான் சேர்ந்த முதல் மாதமே, ஒரு தட்டில் மற்றவர்களுக்குக் கேட்காத ஒரு தடுமாற்றத்தை நான் பிடித்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் என் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்ப்பதை நிறுத்திவிட்டார். "உங்கள் காது போதும்," என்பார். அந்தச் சொல்லை வீட்டில் வந்து மனைவியிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"உங்கட காதுக்கு ஒரு கோயில் கட்டிக் கும்பாபிஷேகம் செய்வம்," என்பாள் அவள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் முதலாளி பிரெஞ்சு வயலின் கலைஞர்களின் ஆரம்பகாலப் பதிவுகளைத் தொகுக்க ஆசைப்பட்டார். பெயர்பெற்றவர்களை எல்லோரும் வெளியிட்டாயிற்று, ஒரு தட்டோ இரண்டு தட்டோ பதிந்துவிட்டுக் காணாமல் போனவர்களைத் தேடுவோம் என்றார். எட்டு மாதம் அந்த வேலையில் கிடந்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு துக்கப்பட்டு வேலை செய்ததில்லை.

ஒருவர்போல ஒருவர் அவர்கள். பத்துப் பதினொரு வயதில் பாரிஸ் இசைக் கல்லூரியில் நுழைவார்கள். பதினாறு, பதினேழில் முதல் பரிசு. பத்திரிகையில் நாலு வரி. அதற்குப் பிறகு ஒரு நாள், மேலெல்லாம் கம்பளம் தொங்கவிட்ட ஓர் அறையில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தகரக் குழலுக்கு முன்னால் நிறுத்தப்படுவார்கள். மைக் கிடையாது. வயலினைக் குழலின் வாய்க்குள் நுழைப்பதுபோலப் பிடித்து வாசிக்க வேண்டும். ஓங்கிய சுரம் வந்தால் உடம்பைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒலியைப் பதிக்கும் ஊசி மெழுகுத் தட்டைக் கிழித்துவிடும். மூன்றேகால் நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும், தட்டில் அதற்கு மேல் இடமில்லை. அப்படி வாசித்த ஒரு இளைஞனின் ஒற்றைத் தட்டு எனக்குக் கிடைத்தது. அடுத்த வருடமே முதலாம் உலக யுத்தத்துக்குப் போய் அவன் திரும்பவில்லை. இன்னொருவர் வலது கையை இழந்துவிட்டுத் திரும்பினார், நாற்பது வருடம் கடைசிவரை சங்கீதப் புத்தகக் கடை வைத்திருந்தார்.

பெண்களின் கதை இன்னும் மோசம். பரிசைக் கொடுப்பார்கள், இசைக்குழுவில் இடம் கொடுக்கமாட்டார்கள். பேசாப்படம் ஓடும் அரங்குகளில் திரைக்குக் கீழே இருட்டில் உட்கார்ந்து வாசித்தவர்கள் பலர். படம் பேசத் தொடங்கியதும் அந்த வேலையும் போயிற்று. சிலர் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், சிலர் கல்யாணம் கட்டினார்கள்.

நான் சொல்லவந்த பெண் லியோன் நகரத்துக்காரி. பதினேழு வயதில் முதல் பரிசு, பத்தொன்பது வயதில் தட்டின் ஒரு பக்கம். மறுபக்கத்தில் வேறு யாரோ ஓர் ஆள் வேறொரு நாள் பாடியது. அந்த ஒரு பக்கம்தான் அவளுடைய மொத்தச் சொத்து. லியோனில் ஒரு தேவாலயத்தில் ஓர்கன் வாசித்த ஒருவர் எழுதிய தாலாட்டு அது. தனி வயலின், கூடப் பியானோகூட இல்லை. பியானோவில் சுருதியை முறுக்க முடியாது, அது இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். சில வருடம் சினிமா அரங்குகளில் வாசித்துவிட்டு, ஓர்கன் செய்யும் ஒரு ஜேர்மனியரைக் கட்டி லைப்சிக்குக்கு வந்துவிட்டாள். அவளைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான்.

அந்தத் தாலாட்டின் இசைப்பிரதி எங்கும் இல்லை. மூன்று நூலகங்களுக்கு எழுதிக் கேட்டேன், இல்லை என்று பதில் வந்தது. சரியென்று எழுபத்தெட்டில் ஓடவிட்டேன். ஈ ஃபிளாட் சுருதி கேட்டது, டியைவிட அரைக் கட்டை மேலே. அந்தச் சுருதி வயலினுக்குச் சௌகரியமானதல்ல, திறந்த தந்திகள் அதில் நன்றாகச் சேர்ந்து ஒலிக்காது. ஆனால் இங்கே ஒலித்தன. விரல் வைக்காத தந்தி கீழே விடாமல் ரீங்கரித்தபடி இருந்தது, அதன் மேல் மெட்டு நடந்தது.

இந்த ஊரில் வயலின் படித்த எந்தப் பிள்ளையும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். திறந்த தந்தி ஈ ஃபிளாட்டில் ஒலிக்காது, தட்டு வேகமாக ஓடுகிறது, குறை என்று சொல்லியிருக்கும். நான் என்ன நினைத்தேன்? அரைக் கட்டை கூட்டித் தந்தியை முறுக்கியிருக்கிறாள், கெட்டிக்காரி, நல்ல பிரகாசமான சுருதி பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் கச்சேரிகளில் திறந்த தந்தி எந்தச் சுருதியிலும் ஒலிக்குமே! அதில் எனக்கு ஓர் உறுத்தலும் வரவில்லை. அதைவிட வெட்கம், எங்கள் ஊர் ஆளைப்போல வாசிக்கிறாளே என்று மகிழ்ச்சிகூடப் பட்டேன்.

அரைக் கட்டை சும்மா ஏறவில்லை. வேகத்தையும் கூட்டிக்கொண்டு ஏறியது. வில்லின் நடை ஓட்டமானது. இடது கையின் அசைவு நடுக்கமானது. குரல் மெலிந்தது. சீடியோடு வந்த சிறு புத்தகத்தை எழுதியவர் ஒரு பேராசிரியர். கேட்டதைக் கேட்டபடி எழுதினார்: திறமையுள்ள, ஆனால் பதற்றமும் அவசரமும் நிறைந்த வாசிப்பு, இவருடைய இசை வாழ்க்கை நீடிக்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பத்திரிகை விமர்சனமும் அதையே திருப்பிச் சொன்னது. ஒரு பெண்ணின் வாழ்க்கை ஏன் நின்றது என்பதற்கு என்னுடைய பிழை விளக்கமாகிவிட்டது.

சீடி வெளியாகிச் சில மாதத்தில் லைப்சிக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தான் அந்த வயலின்காரியின் மகள் என்றும், கடையில் தற்செயலாகக் கண்டு வாங்கியதாகவும் எழுதி, நன்றி சொல்லியிருந்தார். கடைசியில் இரண்டு வரி: "அம்மா இதைச் சமையலறையில் வாசிப்பார். எனக்கு அது மிக மெதுவானதாக ஞாபகம், ஆனால் எனக்குப் பத்து வயதாகும்போதே அவர் இறந்துவிட்டார், சிறுபிள்ளையின் ஞாபகத்தை நம்ப முடியாதுதானே."

அந்தக் கடிதத்தை நான் வாசித்தேன். தட்டைத் திரும்ப எடுத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கடிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். பிழை விட்டதுகூடப் பரவாயில்லை, இதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் முகம் சுடுகிறது.

ஏனென்றால் ஒருவருடைய ஞாபகத்தை மற்றவர்கள் பிடுங்கிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அகதி விசாரணையில், ஆமி எங்கள் வீட்டுக்கு வந்தது செவ்வாய்க்கிழமை என்றேன். அதிகாரி கடுதாசிகளைப் புரட்டிவிட்டு, அது புதன்கிழமையாகத்தான் இருக்க முடியும் என்றார். நான் செவ்வாய் என்று அடித்துச் சொன்னேன். மொழிபெயர்க்க வந்த அண்ணை எனக்குப் பக்கமாகக் குனிந்து, "தம்பி, அவை சொல்லுற நாளையே சொல்லும். உம்மட ஞாபகத்தை வச்சு இங்க ஒண்டும் செய்யேலாது," என்றார். புதன் என்று சொன்னேன். இன்றைக்கு என்னைக் கேட்டால் அது செவ்வாயா புதனா என்று எனக்கே நிச்சயமில்லை.

இந்த வருடம் பங்குனியில் லியோனிலிருந்து ஒரு நூலகப் பெண் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஒரு தேவாலயத்தின் பழைய தாள்கட்டுகளைப் பிரித்துப் பட்டியல் போட்டபோது, பல வருடம் முன் நான் கேட்டிருந்த தாலாட்டு கிடைத்ததாம். கையால் எழுதிய இரண்டு பக்கம். திறந்தேன். முதல் வரியின் தொடக்கத்திலேயே இரண்டு ஷார்ப் குறிகள். டி மேஜர், அதாவது டி சுருதி. வேறெதையும் பார்க்கத் தேவையிருக்கவில்லை, அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

தட்டை எடுத்து, வேகத்தை எழுபத்துநாலுக்கும் சற்றுக் கீழே இறக்கி ஓடவிட்டேன். மூன்று நிமிடத்தில் முடிந்தது இப்போது மூன்று நிமிடம் பதினொரு வினாடி எடுத்தது. அவ்வளவுதான் வித்தியாசம், பதினொரு வினாடி. ஆனால் அந்தப் பதினொரு வினாடிக்குள் வேறொரு பெண் இருந்தாள். நிதானமான, ஆழமான கை. நடுக்கம் இல்லை. வில்லைத் திருப்பும் இடத்தில் மூச்சு விடுவதுபோல ஒரு சின்ன இடைவெளி. பத்தொன்பது வயதுப் பிள்ளை அப்படி வாசித்திருக்கிறது. ஹெட்போனைக் கழற்றாமல் இருந்து அழுதேன்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. திருத்தி வெளியிடலாம், புத்தகத்தையும் மாற்றி எழுதச் சொல்லலாம் என்றார். அது தொழில். லைப்சிக்கில் இருந்தவர்தான் என்னுடைய பிரச்சினை.

என் மனைவி முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறவள். வயதானவர்களை என்னைவிட அவளுக்குத் தெரியும். அவள் பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"எண்பத்தெட்டு வயசு மனுசி," என்றாள். "இனிப் போய் அதைக் கிளறி என்ன காணப்போறியள்? உங்கட மனப்பாரத்தை இறக்கிறதுக்கு அவவின்ர தலைதானோ கிடைச்சுது?"

எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அதில் உண்மை இருந்தது. உள்ளே போய்க் கோப்பை எடுத்து வந்து, அந்தக் கடிதத்தின் கடைசி இரண்டு வரியையும் தமிழாக்கி வாசித்துக் காட்டினேன். அவள் கையில் ஒட்டியிருந்த மாவை வழித்தாள்.

"போங்கோ," என்றாள். "ஆனா மன்னிப்புக் கேக்கிறதுக்கெண்டு போகாதேங்கோ. அவவின்ர சாமான் ஒண்டு உங்களிட்ட இருக்கு. அதைக் குடுத்திட்டு வாங்கோ."

கடிதத்தில் தொலைபேசி எண் இருந்தது. எடுத்தபோது அவரே பேசினார். அம்மாவின் பதிவு பற்றி ஒரு விஷயம், நேரில் வந்து சொல்ல விரும்புகிறேன் என்றேன். வியாழக்கிழமை மூன்று மணி என்று, டொக்டரிடம் ரேர்மின், அதாவது சந்திப்பு நேரம், கொடுப்பதுபோலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

லைப்சிக்கில் டிராமில் போய் இறங்கினேன். பழைய கிழக்கு ஜேர்மனிக் காலத்து அடுக்குமாடி, நாலாம் மாடி. கதவைத் திறந்தவர் மெலிந்து நிமிர்ந்த மனுஷி, காதுக்குக் கருவி போட்டிருந்தார். கோப்பியும் பிளம்ஸ் கேக்கும் ஏற்கெனவே மேசையில் இருந்தன. அவர் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், பேசியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

கேக்கைத் தொடாமலே சொல்லத் தொடங்கினேன். தட்டின் வேகம், இசைப்பிரதி, இரண்டு ஷார்ப், எங்கள் நாட்டில் சுருதியை எப்படிப் பார்ப்போம், நான் ஏன் ஏமாந்தேன், எல்லாம் சொன்னேன். கடைசியாக அவருடைய கடிதம் வந்ததையும், நான் ஒன்றும் செய்யாமல் இருந்ததையும் சொன்னேன்.

"போடுங்கள்," என்றார். "முதலில் பிழையானது. பிறகு மற்றது."

அவருடைய காதுக் கருவிக்குச் சேர ஒரு சின்ன ஒலிபெருக்கி கொண்டுபோயிருந்தேன். முதலாவதைக் கேட்கும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தொடங்கியதும் மேசை விரிப்பின் மேல் கையை வைத்தார். கடைசிவரை அந்தக் கை அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம் மெதுவாக வாசிப்பார்," என்றார் முடிந்தபோது. "ஆனால் இது அம்மா."

தட்டில் மூன்றேகால் நிமிடம்தான் கொள்ளும், பதிவு அறையில் மணிக்கூட்டைப் பார்த்து வாசிக்க வேண்டும், சமையலறையில் அந்தக் கட்டாயம் இல்லை என்றேன். "ஆகவே உங்கள் ஞாபகம் சரி," என்றேன். அதைச் சொன்னதும் ஏதோ பெரிய காரியம் முடிந்ததுபோல எனக்கு ஒரு நிம்மதி. கேக்கை எடுத்து ஒரு துண்டு சாப்பிட்டேன்கூட.

அவர் அழவோ சிரிக்கவோ இல்லை. கோபத்தில் அவருடைய முகம் சிவந்தது.

"என் அண்ணன் இறந்து மூன்று வருடம்," என்றார். "உங்களுக்குத் தெரியுமா, உங்கள் சீடியைக் கேட்டுவிட்டு நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்?"

அதற்குப் பிறகு அவர் சொன்னது இது. அண்ணன் அவரைவிட ஐந்து வயது மூத்தவர். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரி என்ற பெயருக்குப் பயந்து அவர்களுடைய தாய், வீட்டுக்கு வெளியே வாசிக்கவே இல்லை. யுத்தம் முடிந்த இரண்டாம் வருடம் நிமோனியாவில் இறந்துவிட்டார். தாய் பெரிய கலைஞர் என்று தங்கை சொல்லிக்கொண்டே இருப்பாராம். அண்ணன் அதைக் கேட்கும்போதெல்லாம், அம்மா பயந்த சுபாவம், ஓட்டமும் நடுக்கமுமாக வாசிப்பார், மேடைக்கு லாயக்கில்லை, மற்றதெல்லாம் உன் கற்பனை என்பாராம். தந்தையின் அடக்கத்தன்று தேவாலய வாசலில் அது முற்றி, நீ பொய்யன் என்று தங்கை எல்லோருக்கும் முன்னால் கத்தியிருக்கிறார். அதோடு பேச்சு நின்றது. இருபத்திரண்டு வருடம்.

"பிறகு உங்கள் சீடி வந்தது. கேட்டேன். ஓட்டமும் நடுக்கமும். அவன் சொன்னது அப்படியே இருந்தது. அன்றைக்கே தொலைபேசியை எடுத்து, நீ சொன்னதுதான் சரி, என்னை மன்னித்துவிடு என்றேன். அவன் சரி என்றான். அவ்வளவுதான், சரி. அடுத்த ஞாயிறு நான் எடுத்தேன். அவன் போகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் எடுத்தேன்." கோப்பையைத் தள்ளிவைத்தார். "நான் பிழை, தான் சரி என்று நினைத்துக்கொண்டே போய்விட்டான். நீங்கள் மூன்று வருடம் பிந்தி வந்திருக்கிறீர்கள்."

என் மனைவி முதலில் சொன்னதைக் கேட்டு வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அவர் எழுந்து போய்த் தொலைபேசியைக் கொண்டுவந்தார். அண்ணனின் மனைவி வடக்கே கடற்கரைப் பக்கத்து ஊரொன்றில் இருக்கிறாராம். "அவளிடம் சொல்லுங்கள். சுருதி, வேகம் எல்லாம் நீங்கள் சொன்னால்தான் விளங்கும். எனக்குத் தொலைபேசியில் அவ்வளவாகக் கேட்காது. அந்த வீட்டில் ஒரு ஆளுக்காவது தெரியட்டும், நான் பொய் சொல்லவில்லை என்று." எண்களை அழுத்தி என் கையில் தந்துவிட்டு எதிரே உட்கார்ந்து என் வாயைப் பார்த்தார்.

யாரென்று சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பிழை என்னுடையது, தங்கையின் ஞாபகம்தான் சரி, அந்தத் தாலாட்டு மெதுவானது என்றேன்.

"எனக்குத் தெரியும்," என்றது மறுமுனையில் ஒரு கிழக் குரல்.

"எப்படித் தெரியும்?"

"அவரும் அந்தச் சீடியை வாங்கினார். ஒரு தரம் கேட்டார். இது அம்மா இல்லை, யாரோ துரத்துவதுபோல ஓடுகிறது, அம்மா ஒருநாளும் இப்படி வாசித்ததில்லை என்றார். அவருக்கும் அது மெதுவாகத்தான் ஞாபகம். முகம் சவரம் செய்யும்போது அதைத்தான் முணுமுணுப்பார், அவ்வளவு மெதுவாக. அம்மா தங்களை விட்டுவிட்டுச் செத்துப்போன கோபத்தில்தான் வாழ்நாள் முழுக்க மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தார்."

"அப்படியானால் தங்கையிடம் ஏன் சொல்லவில்லை?"

"நானும் கேட்டேன். அதற்கு அவர், இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு தொலைபேசி எடுத்திருக்கிறாள், நீ எடுத்திருக்கத் தேவையில்லை என்று சொல்லட்டுமா என்று கேட்டார். என்னிடமும் சத்தியம் வாங்கினார்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அந்தச் சத்தியத்தை நான் மீற மாட்டேன். நீங்கள் சத்தியம் செய்யவில்லையே. நீங்களே சொல்லுங்கள்." வைத்துவிட்டார்.

"என்ன சொன்னாள்?" என்றார் எதிரே இருந்தவர்.

ஒரு கணம், ஒன்றும் சொல்லவில்லை, நன்றி சொன்னார் என்று சொல்லிவிடலாம்போல இருந்தது. எழும்பி ரயிலைப் பிடித்திருக்கலாம். ஆனால் இந்த மனுஷிக்கு ஒருதரம் பிழையானதைக் கொடுத்துவிட்டுப் பதினொரு வருடம் சும்மா இருந்தவன் நான். தொலைபேசியில் கேட்டதை ஒரு சொல் விடாமல், அவருக்குக் கேட்கும்படி உரத்துச் சொன்னேன். சவரம் செய்யும்போது முணுமுணுப்பதையும் சொன்னேன்.

கீழே டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. கண்ணீர் வந்ததை அவர் துடைக்கவும் இல்லை.

"சொல்லியிருந்தால்," என்றார் கடைசியில், "அடுத்த ஞாயிறு நான் எடுத்திருக்கமாட்டேன். அது அவனுக்குத் தெரியும்." பிறகு, "வாழ்நாளில் ஒரு விஷயத்தில்கூட அவன் எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்," என்றார்.

நான் புறப்பட எழுந்தேன். திருத்திய பதிவை ஒரு சீடியில் போட்டு எடுத்துப் போயிருந்தேன், அதை மேசையில் வைத்தேன். பழைய சீடிகளை நாங்கள் திருப்பி எடுக்கிறோம், உங்களுடையதையும் தந்தால் கொண்டுபோய்விடுகிறேன் என்றேன். தொழில் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

அவர் அலமாரியில் இருந்த அந்தப் பழைய சீடியை எடுத்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"உலகத்துக்குத் திருத்திக் கொடுங்கள்," என்றார். "இதைத் தரமாட்டேன். எட்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை இதுதான் எனக்குத் தந்தது."